சவ வண்டியில் யார் ஏறுவது

அந்தக் குளிர்காலத்தில் ஹோசியா பிப்புக்கு இரண்டு அவமானங்கள். ஒன்று ஊர் முழுவதற்கும் பொதுவானது, பிறந்ததிலிருந்து பழகியது. மற்றொன்று அவனுக்கென்றே வந்தது. அவன் ஓட்டிய வண்டியில் ஒரு ஈ, காக்கைகூட ஏறவில்லை.

ஹார்மன்வில்லில் கறுப்பர்கள் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏன் நிறுத்தினார்கள் என்று வெள்ளைக்காரர்களின் செய்தித்தாள் ஆச்சரியப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் ஏன் ஏறினார்கள் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். முன்வாசலில் ஏறிக் காசு போட வேண்டும், பிறகு இறங்கிப் பின்வாசலுக்கு ஓட வேண்டும். ஓடி முடிப்பதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிடுவான். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான். தப்பித்தவறி ஏறிவிட்டாலும் முன்னால் வரிசை வரிசையாக இருக்கைகள் காலியாகக் கிடக்க, பின்னால் பிள்ளைத்தாய்ச்சிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த டிசம்பரில் ஒரு பள்ளிக்கூட டீச்சரைக் கழுத்தைப் பிடித்து நடுத்தெருவில் இறக்கிவிட்டார்கள். அதற்குமேல் ஊர் பொறுக்கவில்லை.

நடந்தார்கள். நடக்க முடியாதவர்களுக்கு, கார் வைத்திருந்தவர்கள் சர்ச் வாசலிலிருந்து காலையிலும் மாலையிலும் கார் ஓட்டினார்கள். போலீஸ் அந்தக் கார்களை விடாமல் மறித்தது. வேகமாகப் போனால் வேகம் என்று அபராதம், மெதுவாகப் போனால் இடைஞ்சல் என்று அபராதம். ஊரின் கடைக்கோடியில் இருந்த செங்கல்சூளைத் தெருவுக்கு ஆரம்பத்தில் இரண்டு கார்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு காரோட்டியின் உரிமத்தைப் பிடுங்கினார்கள். மற்றவருக்கு வேலை போயிற்று, வேலையோடு காரும் போயிற்று. சூளைத் தெருப் பெண்கள் வெள்ளைக்காரர்களின் மேட்டுத்தெரு வீடுகளில் சமைக்கவும் துவைக்கவும் போகிறவர்கள். அங்கேயிருந்து மேட்டுத்தெருவுக்கு நாலு மைல்.

அப்போதுதான் மிஸ்டர் டாலிவர் தன் சவ வண்டியைக் கொடுத்தார். கறுப்பர்களின் அடக்கங்களை நடத்திவைப்பவர் அவர். வெள்ளைக்காரன் தயவு அவருக்கு வேண்டியதில்லை. யார் எந்த வேலையை விட்டு நீக்கப்பட்டாலும் சாவதை நிறுத்தப்போவதில்லை என்பார். அடக்கம் இல்லாத நாட்களில் வண்டி சூளைத் தெருவுக்கு ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். அவருடைய டிரைவரான ஹோசியா அந்தத் தெருக்காரன்தான். அவன் பெட்டி வைக்கும் உருளைகளைக் கழற்றிவிட்டு, ஞாயிறு பள்ளியின் இரண்டு பெஞ்சுகளை உள்ளே வைத்து ஆணியடித்தான். கண்ணாடியைத் துடைத்தான். மறுநாள் காலை பெருமையாகக் கொண்டுபோய்த் தெருமுனையில் நிறுத்தினான்.

பெண்கள் வண்டியைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னார்கள், பிறகு நடந்து போனார்கள்.

மூன்று வாரமாக இதே கதை. பஸ்ஸுக்குப் பயப்படாத, போலீஸுக்குப் பயப்படாத, வீட்டுக்காரம்மா வேலையை விட்டு அனுப்புவாள் என்பதற்கும் பயப்படாத பெண்கள், ஒரு கறுப்பு வண்டிக்குப் பயந்து மழையில் நாலு மைல் நடந்தார்கள். சவ வண்டியில் உயிரோடு ஏறினால் அந்த வருஷமே படுத்த நிலையில் ஏற வேண்டியிருக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பாஸ்டர் ஸ்பைவி இதைப் பற்றிப் பேசினார். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன் என்றார். கை ஓங்காதே, எதிர்த்துப் பேசாதே, பொய் சொல்லாதே, இவை மூன்றும்தான் நம் சட்டம், இதில் வண்டிச் சட்டம் எதுவும் இல்லை என்றார். ஆனால் மூடநம்பிக்கை வேண்டாம் என்று சொல்லி, வெளியே வந்து சவ வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்தும் காட்டினார். அது எடுபடவில்லை. பாஸ்டர்கள் எப்போதும் அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் கல்லறைக்குப் போகிறார்கள். பின்னால் ஏறிக் காட்டுங்கள் என்று யாரோ கேட்டபோது அவருக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்துவிட்டது.

சலவைக்குப் போகும் ஓமேகா ஊரில் வாய்க்காரி. அவள் ஹோசியாவின் தோளைத் தட்டிச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க பிரதர் பிப். உங்க வண்டியில நான் ஏறாமப் போவேனா? ஒரே ஒரு தடவ ஏறுவேன். அன்னைக்கு நீங்க என்னைக் கூப்பிடக்கூட வேணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹோசியாவும் சிரித்து வைத்தான். ஊரார் ஏறாததை அவன் தாங்கிக்கொண்டிருப்பான். அவன் மனைவி ஆர்டீலியாவும் ஏறவில்லை என்பதுதான் அவனைத் தின்றது.

அவளுக்குப் பயம் எதுவும் இல்லை. சாவு வந்தால் வரட்டும் என்கிற இடத்துக்கு அவள் போன வருஷமே வந்துவிட்டாள். போன மார்ச்சில் அவர்களுடைய ஒரே மகள் ரோவீனா பதினோரு வயதில் காய்ச்சலில் போனாள். வேறு டிரைவரை வைத்துக்கொள்ளலாம் என்று மிஸ்டர் டாலிவர் சொன்னார். என் பிள்ளையை இன்னொருத்தன் கையில் கொடுக்க மாட்டேன் என்று ஹோசியா மறுத்துவிட்டான். அவனே ஓட்டினான். ஆர்டீலியா பின்னால் வந்த காரில் உட்கார்ந்து, முன்னால் போகும் வண்டியின் பின் கண்ணாடி வழியே அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கல்லறைத் தோட்டம் வரை போனாள். இறங்கியதும் அவள் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் போனதே, உனக்குக் கை நடுங்கவில்லையா என்று.

அவனிடம் பதில் இருந்தது. கார் ஆடினால் ரோவீனாவுக்குக் குமட்டும். அதனால் ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்துப் பார்த்து ஒதுக்கி ஓட்டினான். செத்த பிள்ளைக்குக் குமட்டுமா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அவன் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் உப்பு, புளி பேச்செல்லாம் நடந்தது, ரோவீனாவின் பெயர் மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில் ஆர்டீலியா உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதமும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. குதிகாலில் வெடிப்பு பிளந்து சீழ் வைத்திருந்தது. சோள ரொட்டியையும் கீரையையும் அவன்தான் எடுத்து வைத்தான். அவள் தட்டைத் தொடாமல் சொன்னாள்.

"திங்கக்கிழம நான் பஸ்ல போறேன்."

ஹோசியா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். சூளைத் தெருப் பெண்கள் யாரைப் பார்த்து நடக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவளே முணுமுணுக்காமல் நடக்கும்போது எனக்கென்ன கேடு என்றுதான் ஒவ்வொருத்தியும் நடந்தாள். ஆர்டீலியா பஸ்ஸில் கால் வைத்தால் அந்த வாரமே தெரு முழுக்கப் பஸ்ஸில் ஏறிவிடும். தெரு ஏறினால் ஊர் ஏறும். பஸ் கம்பெனியும் அதற்குத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தது.

"என் வண்டி காலியாத்தானே வருது, ஆர்டீ," என்றான்.

"உன் வண்டி காலியில்ல. அதுல யார் போனான்னு உனக்கே தெரியும்."

அதற்குமேல் அவன் வற்புறுத்தவில்லை. சீழ் வைத்த காலை நடக்கச் சொல்லவும் அவனால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குப் போய் வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை நல்ல பனி. ஐம்பதடி தள்ளி நிற்பவர் முகம் தெரியவில்லை. ஆர்டீலியா கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மில் முக்கு வரைக்கும் நடந்து பார்க்கிறேன், முடியாவிட்டால் அங்கே பஸ் பிடிக்கிறேன் என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னாள். தன்னிடம் சொல்லாமல் அவளிடம் சொன்னதிலேயே அது தனக்கும் சேர்த்துச் சொன்னதுதான் என்று ஹோசியாவுக்குப் புரிந்தது. ஓமேகாவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் அவளோடு சேர்ந்து நடந்தார்கள்.

ஹோசியா பனிக்காக முன்விளக்கைப் போட்டான். பெண்களுக்குப் பின்னால், அவர்கள் நடக்கும் வேகத்திலேயே வண்டியை உருட்டினான். கெஞ்சுவதற்காக இல்லை. அவள் வழியில் விழுந்தால் தூக்குவதற்கு ஒரு ஆள் வேண்டுமே என்ற ஒரே நினைப்புதான்.

இப்போது பாருங்கள், விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு சவ வண்டி. அதற்கு முன்னால் கறுப்புக் கம்பளி உடுத்திக் குனிந்த தலையோடு நடக்கிற பெண்கள். குனிந்தது குளிருக்காக, ஆனால் அது யாருக்குத் தெரியும்? எங்கள் பக்கத்தில் சவ ஊர்வலம் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போகும்; அது வந்தால் எதிரே வருகிறவன் வண்டியை ஓரங்கட்டி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். யாரும் அதை மீற மாட்டார்கள். உயிரோடு இருக்கிற கறுப்பனுக்கு ஒரு அங்குலம் வழி விடாதவன், செத்த கறுப்பனுக்கு நடுரோட்டையே விடுவான்.

முதலில் ஒரு பால் வண்டி ஒதுங்கியது. பிறகு இரண்டு கார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காரைவிட்டு இறங்கித் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் யாருக்காக நிற்கிறார் என்று முதலில் ஹோசியாவுக்கு விளங்கவே இல்லை. பின்னால் மோட்டார் உறுமும் சத்தம் கேட்டுக் கண்ணாடியில் பார்த்தான். ஊர் பஸ் வந்துகொண்டிருந்தது. உள்ளே டிரைவரைத் தவிர ஒருவரும் இல்லை. சவ ஊர்வலத்தை முந்தக் கூடாது, ஹாரனும் அடிக்கக் கூடாது. ஆகவே பஸ், காலி வயிற்றோடு, சவ வண்டியின் பின்னால் நடந்து வந்தது.

பெண்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஓமேகாவின் தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நினைத்து ஓரத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. ஆர்டீலியா மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அவளுடைய இடது கால் இழுத்தது.

மில் முக்குக்குக் கொஞ்சம் முன்னால் மோட்டார் சைக்கிள் போலீஸ்காரன் ஹேகுட் வந்தான். கார் டிரைவர்களை மறித்து அபராதம் எழுதுவதில் அவனுக்கு இணை அவன்தான். வந்தவன் தொப்பியைக் கழற்றினான். மீண்டும் மாட்டிக்கொண்டு முன்னால் போய், நாற்சந்தியில் நின்று, கைகாட்டி இரண்டு பக்கத்து வண்டிகளையும் நிறுத்தினான். பெண்கள் கடந்தார்கள். அப்போதுதான் அவர்கள் கையை அவன் பார்த்தான். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அடக்கத்துக்குப் போகிறவர்களை அவன் அதுவரை பார்த்ததில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னான். பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். பெஞ்சுகள் தெரிந்தன. டிரைவர் பக்கம் வந்தான்.

"யார்டா செத்தது?"

ஒரு பெயர் சொன்னால் போதும். போன வாரம் பக்கத்து ஊரில் ஒரு கிழவர் போயிருந்தார், அவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். பெட்டியை எடுக்கப் போகிறோம் என்றால் முடிந்தது. ரோவீனாவின் பெயரே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தன் பிள்ளையை விற்று அபராதத்திலிருந்து தப்பப் பார்க்கிறோமே என்று ஹோசியாவுக்கு உடம்பு கூசியது.

"யாரும் சாகல, சார்."

"பின்ன எதுக்குடா லைட்டு?"

"பனி, சார்."

"எதுக்குடா இப்படி ஊர்ற?"

"என் சம்சாரம் நடக்கிறா, சார். அவளுக்குக் கால் சரியில்ல."

ஹேகுட்டின் முகம் செங்கல்லாகச் சிவந்தது. இடைஞ்சலோ வேகமோ அவனுக்குப் பெரிதில்லை. வெறும் வண்டிக்கு, அதுவும் இவன் ஓட்டும் வெறும் வண்டிக்கு, நாலு பேர் பார்க்கத் தொப்பியைக் கழற்றிவிட்டான். அதைத்தான் அவனால் செரிக்க முடியவில்லை.

"இந்த வண்டின்னா உள்ள பொணம் இருக்கணும், இல்ல ஆளாவது இருக்கணும். வெறும் வண்டிய உருட்டி ரோட்ட மறிச்சா அதுக்குப் பேரு வேற. வண்டியும் உள்ள போகும், நீயும் உள்ள போவ. எறங்குடா."

ஹோசியா கதவைத் திறந்தான். எதிர்த்துப் பேசவில்லை. உரிமம் போனால் மிஸ்டர் டாலிவரிடம் வேலை போகும், சூளைத் தெருவுக்கு இந்த வண்டியும் இல்லாமல் போகும். எல்லாம் தெரிந்துதான் இறங்கினான்.

பஸ் சவ வண்டியின் பின்னாலேயே நின்றிருந்தது. அதன் டிரைவருக்கு அன்றைக்கு நல்ல நேரம் பிறந்துவிட்டது என்று தோன்றியிருக்க வேண்டும். முன்வாசலைத் திறந்து, படியில் நின்று, பெண்களைப் பார்த்துச் சொன்னான்.

"ஏறுறவங்க ஏறலாம். இனிமே பின்வாசலுக்கு ஓட வேணாம், இதுலயே ஏறலாம்னு கம்பெனி சொல்லிடுச்சு. உக்கார்றது மட்டும் பின்னாடி."

இரண்டு மாதம் நடந்த நடைக்கு அந்த ஒரு வாசல் கூலி. பெண்கள் அசையவில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும் ஆர்டீலியா மேல் இருந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து சூடான காற்று வந்தது. அது அவள் முகத்தில் பட்டதை ஹோசியா பார்த்தான்.

அவள் பஸ்ஸை நோக்கி நடந்தாள். ஹோசியா தலையைக் குனிந்துகொண்டான். அவள் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு தூரம் அந்தக் காலோடு வந்ததே பெரிது என்றுதான் நினைத்தான். டிரைவர் அவளுக்கு இடம் விட்டுப் படியில் ஒதுங்கி நின்றான்.

ஆர்டீலியா பஸ் படிக்குப் போகவில்லை. பஸ்ஸின் மூக்குக்கும் சவ வண்டியின் வாலுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி இருந்தது. அதில் போய் நின்றாள். கைப்பிடியைத் திருகத் தெரியாமல் ஒரு முறை இழுத்தாள், மறுமுறை அமுக்கினாள். கதவு திறந்தது. உள்ளே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வீங்கின காலை ஒரு கையால் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்து, மற்றக் காலையும் இழுத்துக்கொண்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"ஆள் இருக்கு, சார்," என்றாள். "எனக்கு வேலைக்கு நேரமாச்சு. அவரை விடுங்க."

ஹேகுட் அவளைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான். ஓரத்தில் காத்திருந்த கார்களில் ஒன்று ஹாரன் அடித்தது. அவன் சொன்ன சட்டம் அவன் வாயிலிருந்தே வந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மெதுவாக ஓட்டியதற்கு ஒரு அபராதச் சீட்டை எழுதி, ஹோசியாவின் சட்டையில் திணித்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

அடுத்து ஓமேகா வந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளே அதில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது வெளியே நிற்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. படியில் கால் வைத்து வானத்தைப் பார்த்தாள்.

"ஆண்டவரே, இது அந்தத் தடவ இல்ல. கணக்குல எழுதிக்காதீங்க."

பின்னாலேயே மற்றவர்கள் ஏறினார்கள். பெஞ்சுகள் நிறைந்தன, இரண்டு பேர் தரையில் உட்கார்ந்தார்கள், ஒருத்தி பாஸ்டரின் இருக்கையில் கூச்சத்தோடு உட்கார்ந்தாள். பஸ் டிரைவர் இன்னும் படியிலேயே நின்றான். அவன் கதவு திறந்தபடியே கிடந்தது.

ஹோசியா தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். வண்டி முழுக்க ஈரக் கம்பளி வாசனை, மூச்சுக் காற்று, பெண்களின் முனகல். ஆறு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறான், தன் முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. பின்னாலிருந்து ஆர்டீலியா கூப்பிட்டாள்.

"ஹோசியா. அவ தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவன் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

"என் பக்கந்தான். என் முதுகுக்கு நேர் பின்னாடி."

ஆர்டீலியா எழுந்தாள். பெண்கள் முழங்காலை மடக்கி வழி விட்டார்கள். பெஞ்சின் பின் கோடியிலிருந்து ஒவ்வொரு தோளாகப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, அவன் முதுகுக்கு நேர் பின்னால், தரையில் உட்கார்ந்தாள்.

"பள்ளம் பாத்துப் போ," என்றாள்.

ஹோசியா வண்டியை எடுத்தான்.